முதலில் தண்ணீரைப் பார், பிள்ளை

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

கனடாவில் ஆற்றுக்குள் நின்று நீ பூச்சித் தூண்டில் (ஃபிளை ஃபிஷிங்) போடுகிறதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அந்த வீடியோவை அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மா கேட்டது ஒன்றுதான்: "பிடிச்ச மீனைத் திரும்ப விடுறதுக்கோ இவ்வளவு காசு?" அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள். நான் மீனைப் பற்றி எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி கேட்காது, மீதியை நீ மறந்துவிடுவாய்.

இன்னொரு தடி வாங்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம். உன் ஒன்பது அடித் தடியை, அந்த 5 ஆம் நம்பரை (எந்தப் பாரமான நூலுக்கு என்று சொல்லும் நம்பர்), நான் வந்தபோது கையில் பிடித்துப் பார்த்தேன். அந்த ஆற்றுக்கு அது தாராளம். காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் நல்ல நூல் வாங்கு. நாங்கள் எறிகிற தூண்டிலை ஈயம் இழுத்துக்கொண்டு போகும். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய உன் பொய்ப் பூச்சிக்கோ பாரமே இல்லை, நூலின் பாரம்தான் தடியை வளைத்து அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. றீல் உனக்கு நூல் சுற்றி வைக்கத்தான். அதில் காசைக் கொட்டாதே.

போன ஆடியில் நான் அங்கே வந்தபோது, பெர்கஸ் ஊர் ஆற்றில் நடந்தது நினைவிருக்கிறதா? காரை நிறுத்தினாய், ரப்பர் காற்சட்டையை மாட்டினாய், நேரே இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நடு ஆற்றைப் பார்த்து எறியத் தொடங்கினாய். நீ காலை வைப்பதற்குச் சற்று முன்னர், கரைப் புல்லை ஒட்டி முழங்காலளவு தண்ணீரில் ஒரு மூக்கு மேலே வந்து போனதை நான் கண்டேன். நீ கலக்கிக்கொண்டு போன பிறகு அது வரவேயில்லை. மீன் நின்ற இடத்தை மிதித்துக்கொண்டு போய், மீன் இல்லாத இடத்தில் தேடினாய். அன்றைக்கே சொல்லியிருப்பேன். மருமகன் பக்கத்தில் நின்றார், பேசாமல் விட்டேன்.

சிறகுவலை, அதுதான் கம்பு நட்டுச் சிறகு மாதிரி விரித்துக் கட்டுகிற வலை, கட்டும்போது நாங்கள் எடுத்தவுடன் கம்பு நடுவதில்லை. ஒரு பெருக்கும் ஒரு வற்றும் பார்ப்போம். பரவைக்கடலின் (ஆழமில்லாத களப்பின்) மேட்டில் மேய்ந்த மீன், நீர் வற்றும்போது எந்தப் பள்ளத்தால் இறங்குகிறது என்று தெரிந்தால்தான் சிறகை எந்தப் பக்கம் விரிப்பது என்று தெரியும். சிறகுவலை மீனைத் துரத்துவதில்லை, அது போகிற வழியில் நிற்கிறது.

உன் ஆற்றில் பெருக்கும் வற்றும் இல்லை, ஓட்டம் ஒரே பக்கம். அதனால் உனக்கு வேலை சுகம். நீ பிடிக்கிற ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து நிற்கும். வேகமான நீரில் நின்றால் தின்கிறதெல்லாம் நீந்துவதற்கே போய்விடும். ஆகவே மெதுவான நீரில் நின்றுகொண்டு, பக்கத்து வேக நீர் கொண்டுவருவதைக் கொத்தும். இரண்டும் உரசுகிற இடத்தில் நுரை ஒரு கோடாக ஓடும், அந்தக் கோட்டில் பூச்சியைப் போடு. பெரிய கல்லுக்குப் பின்னால் எல்லோரும் எறிவார்கள். கல்லுக்கு முன்னாலும் நீர் முட்டித் தணிகிற ஒரு சின்ன இடம் உண்டு, அதையும் பார். பிறகு, மீனுக்குப் பின்பக்கமாக, கீழேயிருந்து மேல்நோக்கிப் போ. குனிந்து போ. ஒளிமுறிவு படித்தவள் நீ. உயரமாக நிற்கிறவள்தான் மீனின் கண்ணுக்குள் முதலில் விழுவாள் என்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மேலே ஒன்றும் எழும்பாவிட்டால் ஆற்றுக்குள் ஒரு கல்லைப் புரட்டிப் பார். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டையான பூச்சி, மணலால் கூடு கட்டிய புழு, எது கூட இருக்கிறதோ அதன் பருமனுக்குப் பெட்டியில் ஒன்றை எடு. பருமன் சரியாக இருந்தால் நிறம் கொஞ்சம் பிழைத்தாலும் மீன் மன்னிக்கும். கல்லைத் திரும்ப அப்படியே வை.

அப்புறம், நீ கட்டிய பூச்சிகளின் படம். நூல் இறுக்கம் நன்றாக இருக்கிறது. வலை பொத்துகிறவன் மகள் அல்லவா! ஆனால் ஆறு பூச்சியில் நாலுக்குக் கொக்கியின் காதை, அந்தக் கோக்கிற துளையை, அடைத்துவிட்டாய். விறைக்கிற குளிரில் தங்கூசி (நைலோன் நரம்பு) அதற்குள் எப்படி நுழையும்? தொடங்கும்போதே காதுக்குப் பின்னால் இன்னொரு காதளவு இடத்தை வெறுமையாக விடு. மயிலிறகு இழையை ஒற்றையாகச் சுற்றியிருக்கிறாய். மீனின் பல் பட்டால் அறுந்துவிடும். மூன்று நான்கு இழையை நூலோடு சேர்த்து, கயிறு திரிப்பது மாதிரி முறுக்கிச் சுற்று.

அம்மாவின் சேவலின் கழுத்து இறகு கேட்டாய். அனுப்பமாட்டேன். சுங்கக் கரைச்சல் ஒன்று. மற்றது, அந்த இறகு தண்டுப் பக்கம் பஞ்சு மாதிரி, தண்ணீரைக் குடித்துத் தாழும். மிதக்கிற பூச்சிக்கு, அதற்கென்றே அங்கே வளர்க்கிற சேவலின் விறைப்பான இறகுதான் சரி. அதன் இழையின் நீளம், கொக்கி வாயின் அகலத்தில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள் இருக்கட்டும். தாழ்கிற பூச்சிக்குப் பெட்டைக்கோழி இறகு போதும்.

முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கு. காய்ந்த தங்கூசி உரசிச் சூடேறினால் அந்த இடத்திலேயே அறும். காற்றில் எறியும்போது தானாக விழுகிற முடிச்சைக் கண்டால் சோம்பல் பார்க்காமல் வெட்டி மாற்று. பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனதாக நீ அழுத அன்று, அந்த முடிச்சுத்தான் என்று நினைக்கிறேன்.

உன் ஆற்று நீர் ஆடியிலும் காலை விறைக்கவைத்தது. 1942 இல் கட்டிய ஷாண்ட் அணை, பெல்வூட் ஏரியின் அடித் தண்ணீரைத் திறந்துவிடுவதால்தான் பிரவுன் ட்ரவுட் கோடையிலும் அங்கே தாக்குப்பிடிக்கிறது என்று நீதான் சொன்னாய். வேறு ஆறுகளுக்குப் போகும்போது வெப்பமானி கொண்டுபோ. 20 பாகைக்கு மேல் என்றால் தூண்டிலைச் சுருட்டு. விட்ட மீனும் சாகும். விடுகிற மீனைத் தொடுமுன் கையை நனை.

சின்ன வயதில் வள்ளத்தில் ஏற்றச் சொல்லி அழுவாய். சண்டைக் காலம், கடலில் தடை, பாஸ் இல்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னேன். தடை உண்மைதான். ஆனால் தடை இல்லாத நாட்களிலும் பொம்பிளைப் பிள்ளை என்றுதான் ஏற்றவில்லை. நீ அந்த ஆற்றுக்குள் நின்றபோது அது ஞாபகம் வந்தது.

அடுத்த முறை மார்கழியில் வராதே, வாடைக்காற்று அடித்துத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். பங்குனியில் வா. பண்ணைக் கடற்கரைப் பக்கம் போவோம். 8 ஆம் நம்பர் தடியை யாரிடமாவது இரவல் கேள். பாரை மீனுக்கும் சீலா மீனுக்கும் உன் சின்னத் தடி காணாது. திரளி மீன் பாணுக்கு (ரொட்டிக்கு) வரும், வெள்ளைப் பஞ்சில் பாண் துண்டு மாதிரி நாலைந்து கட்டிக்கொண்டு வா. பரவைக்கடலில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கவேண்டும், திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். வள்ளம் இப்போது சித்தப்பாவிடம். கேட்டுவிட்டேன், தருகிறானாம். அந்த ரப்பர் காற்சட்டையை மட்டும் கொண்டுவராதே, வெந்துபோவாய்.

அன்புடன்,
அப்பா