கயிற்றைத் தளர்த்தும் நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "குதிரை உதைத்தால் என்னடா செய்வாய்?" என்று போனில் கேட்டீர்களே, அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இதுவரை எதுவும் உதைக்கவில்லை. ஆனால் போன வாரம் கீழே விழுந்தேன். தப்பு என் பேரில்தான்.

இந்தக் குதிரைப் பண்ணையில் முதல் மாதம் முழுக்க லத்தி அள்ளுவதும் தண்ணீர்த் தொட்டி நிரப்புவதும்தான் வேலை. அப்புறம் பண்ணைக்கார அம்மா நான்கு வயதுச் சாம்பல் நிறக் குதிரை ஒன்றைக் காட்டி, "இவளுக்குத் தலைக்கயிறு மாட்டப் பழக்கு, அவசரமே இல்லை" என்றார். முன்பு எங்கேயோ அடிபட்டு வந்தவள். கையைச் சற்று உயர்த்தினாலே வேலி ஓரத்துக்கு ஓடிவிடுவாள்.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை பார்க்க முடியும். தெரியாத இடங்கள் இரண்டுதான்: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். நாமோ ஆசையாக நேரே போய் நெற்றியைத் தடவத்தான் கையை நீட்டுவோம். அருகில் போனதும் அந்தக் கை அவள் கண்ணுக்கே தெரியாது. தோள் பக்கமாக வளைந்து போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பதினோராவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நேராகப் போனேன். அவள் சட்டென்று திரும்பினாள். அவள் தோள் இடித்து நான் வேலிக்கம்பத்தில் போய் விழுந்தேன். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

பண்ணைக்கார அம்மா திட்டவில்லை. "கயிற்றை ஒளித்தாய், சரி. உடம்பை எங்கே ஒளிப்பாய்?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஹான்ஸ் என்ற குதிரையின் கதையைச் சொன்னார். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1907-இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் விஷயத்தைக் கண்டுபிடித்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரையும் தவறிவிடும். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு அசையும். அதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. வளர்த்தவர் ஏமாற்றவில்லை, தன் தலை அசைவது அவருக்கே தெரியாது. இந்த ஊர்ப் பாஷை புரியாமல் நானும் ஆட்களின் முகத்தையும் தோளையும் பார்த்தே காலம் தள்ளுவதால், ஹான்ஸ் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து கயிற்றை அவள் பார்க்கிற மாதிரியே வைத்துக்கொண்டேன். அவள் காது என் பக்கம் விறைத்ததுமே நின்று, ஓர் அடி பின்னால் வருவேன். அவள் ஓடக் கால் எடுக்கும்வரை காத்திருந்தால் தாமதம். கயிறு மாட்டிய பிறகும் அதே கதைதான். இழுப்பதில் அவள் எதையும் கற்றுக்கொள்வதில்லை, விடுவதில்தான் கற்கிறாள். அரை அடி முன்னால் வைத்தாளா, அந்தக் கணமே கயிறு தளர்ந்துவிட வேண்டும். இரண்டு மூன்று நொடி தாமதித்தால், அந்நேரம் தலையை உதறிக்கொண்டிருந்தால் உதறுவதைத்தான் பழகிக்கொள்வாள்.

வட்ட அடைப்புக்குள் விரட்டி விரட்டி, ஓய்ந்துபோய்க் குதிரை தானாகக் கிட்டே வந்தால் 'நம்பிக்கை வந்துவிட்டது' என்பவர்களும் உண்டு. ஓடிக் களைத்து வருவதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உதட்டை நக்கி மெல்வதைப் 'பணிந்துவிட்டது' என்கிறார்கள். நான் பார்த்தவரை, பயம் தணிகிற நேரத்தில்தான் அது வருகிறது.

நேற்று கவிழ்த்த வாளி மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பிடரியில் சூடாக மூச்சுப் பட்டது. நான் திரும்பவில்லை. சட்டைக் காலரை முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். மெல்ல எழுந்து பிடரிமயிர் முடிகிற மேட்டில் சொறிந்துவிட்டேன். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்கிற இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு மேலுதடு நீண்டு கோணிக்கொண்டு துடித்தது. அப்பா, அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். தாடைக்கு அடியில் விரல் வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு 40. சும்மா நிற்கிற குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம்.

நாளை சேணத்துக்கு அடியில் போடுகிற துணியைக் காட்டப் போகிறோம். முதுகில் போடுவதற்கு இல்லை, முகர்ந்து பார்க்க மட்டும்.

மணிக்கட்டு வீக்கம் வற்றிவிட்டது. விழுந்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்