காக்கா ஆழியை வாரினால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்ணூர் கழிமுகத்தில் பரவியிருக்கும் காக்கா ஆழி என்ற அந்நிய மட்டியை அகற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வாரி எடுப்பதைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள். எந்த வழியாக வந்திருக்கும் என்பதற்கு ஒரே வரிதான். சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் 18 வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சரக்கை இறக்கிய கப்பல் வெறுமனே கிளம்ப முடியாது. லேசாகி மேலே எழும்பி ஆட்டம் காணும். அதனால் இறக்கும் துறைமுகத்திலேயே தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொள்வோம். அதுதான் பேலஸ்ட் தண்ணீர். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற அதை வெளியே பம்ப் செய்வோம். ஆக, நிலக்கரி கொண்டுவரும் கப்பல் நம் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது. காலியாக வந்து இங்கே சரக்கு ஏற்றும் கப்பல்தான் வேற்றூர்த் தண்ணீரைக் கொட்டுகிறது.

தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினால் கணுக்கால் புதையச் சேறு இருக்கும். ஒருமுறை அதற்குள் விரல்நகம் அளவு நண்டு ஒன்று ஓடியது, உயிரோடு. நண்டாவது கண்ணில் பட்டது. மட்டிக் குஞ்சு எங்கே படப்போகிறது!

கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், குறைந்தது 200 மீட்டர் ஆழமுள்ள கடலில் தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும் என்பது பழைய முறை. கடல் மோசமாக இருந்தால் கேப்டன் அதை விட்டுவிடலாம். விதியே இடம் கொடுத்தது. பேலஸ்ட் தண்ணீர் பற்றி 2004இல் ஏற்கப்பட்ட சர்வதேச ஒப்பந்தம் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பரோடு பழைய முறைக்கு அவகாசம் முடிந்தது. இப்போது வெளியே விடும் ஒரு கன மீட்டர் தண்ணீரில் 50 மைக்ரானும் (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள உயிர்கள் பத்துக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். சரி, யார் எண்ணுவது? என் காலத்தில் சோதனைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். தொட்டியில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு பார்த்தவரை நான் கண்டதில்லை.

காக்கா ஆழி தென் அமெரிக்கக் கரைகளின் மட்டி. அஷ்டமுடிக் காயலிலும் இருக்கிறது. எந்தக் கப்பலில் வந்தது என்று கைகாட்ட முடியாது. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டுகூட வந்திருக்கலாம். ஆனால் போன மாதம் நண்பரின் படகில் வலையை இழுத்தபோது இறாலைவிடக் கொத்துக் கொத்தாகக் கருத்த ஓடுகள்தான் அதிகம். இறால் புதைய வேண்டிய சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு விரல் கிழிகிறது. அமெரிக்கப் பேரேரிகளில் 1988இல் கண்ணில் பட்ட வரிக்குதிரை மட்டியை இன்றுவரை ஒழிக்க முடியவில்லை.

வாரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு, காலியாக வரும் கப்பல்களின் தொட்டித் தண்ணீரைத் துறைமுகத்திலேயே எடுத்துச் சோதித்து, முடிவை மீனவர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பழவேற்காடு ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
திருவொற்றியூர்.