டிராகுலாவுக்கு உடை கொடுத்த எய்கோ இஷியோகாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள எய்கோ இஷியோகா அவர்களுக்கு,

வணக்கம். 1992இல் வந்த 'பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் இயக்குநர் கப்போலாவைச் சொல்வார்கள், அப்புறம் டிராகுலாவாக நடித்த கேரி ஓல்ட்மேனை. 'காஸ்ட்யூமுக்கு ஆஸ்கர் வாங்கின படம்' என்று கடைசியில் ஒரு வரி வரும். அந்த உடைகளை வடிவமைத்த உங்கள் பெயர் அந்த வரியில்கூட இருக்காது. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. படத்தில் வரும் டிராகுலாவின் காதலை நான் நம்பியதற்கு வசனம் காரணமில்லை, நீங்கள் உடுத்திவிட்ட துணிதான் காரணம். நீங்கள் 2012 ஜனவரியில் காலமாகிவிட்டீர்கள். இருந்தாலும் இதை உங்களிடம் சொல்வதுதான் முறை என்று தோன்றியது.

வீட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். எந்தப் படம் பார்த்தாலும் துணி எப்படி விழுகிறது, எங்கே சுருக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் கண் போகும். ஆனால் துணியே கதை சொல்வதை உங்கள் படத்தில்தான் பார்த்தேன்.

கப்போலா உங்களிடம் வந்த வழியே வித்தியாசமானது. டோக்கியோவில் ஷிசெய்டோ அழகுசாதன நிறுவனத்துக்கும் பார்க்கோ கடைகளுக்கும் விளம்பரங்கள் செய்துகொண்டிருந்த நீங்கள் அவருடைய 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு ஜப்பானியப் போஸ்டர் வரைந்தீர்கள். பிறகு அவர் தயாரிப்பில் பங்கெடுத்த 'மிஷிமா' படத்துக்கு அரங்கம் அமைத்து, 1985இல் கான் திரைப்பட விழாவில் பரிசும் வாங்கினீர்கள். டிராகுலா எடுக்கும்போது, செட்டுக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட உடையையே செட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர் முடிவு செய்தார். ஏறக்குறைய முழுப் படத்தையும் ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்தார்கள். கோட்டைச் சுவர்கள் இருட்டில் கிடக்கும். கண்ணுக்குப் பிடிமானம் நீங்கள் கொடுத்த நிறம் மட்டும்தான். ஒரு உடை வடிவமைப்பாளரின் தோளில் இவ்வளவு பாரத்தை ஏற்றிய இயக்குநர் வேறு யாரும் எனக்கு நினைவில் வரவில்லை.

1931இல் டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி போட்டுக்கொண்டு வந்த கறுப்பு மேலங்கி, அதற்குப் பிறகு வந்த எத்தனையோ டிராகுலாக்களின் தோளை விட்டு இறங்கவே இல்லை. நீங்கள் அதைத் தொடவில்லை. லண்டனிலிருந்து வரும் இளம் வக்கீல் ஜோனதன் ஹார்க்கர் டிராகுலாவின் கோட்டைக்குள் நுழையும்போது அவன் எதிரே நிற்பது, வெளுத்த முகமும் இரண்டு மேடாகத் தூக்கிக் கட்டிய வெள்ளை முடியுமாக ஒரு கிழவன். உடம்பில் சிவப்புப் பட்டங்கி. அதன் பின்பக்கம் தரையில் நீண்டுகொண்டே போகிறது. அவன் திரும்பி நடக்கும்போது துணி ஒரு கணம் தாமதித்துத்தான் பின்னால் வருகிறது. அந்தத் தாமதத்தை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். நானூறு வருஷமாகத் தனியாகக் கிடந்தவன், தன் பழைய ரத்தத்தையே பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பது போலிருக்கும். பயத்தைவிட அந்த இடத்தில் எனக்குப் பரிதாபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அந்தப் பரிதாபம் இல்லாமல் பின்னால் வரும் காதல் ஒட்டாது.

அதே சிவப்பு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. 1462இல் நடக்கும் முதல் காட்சியில் போர்க்களம் தோல்பாவைக் கூத்து மாதிரி நிழலுருவங்களாக ஓடும். அங்கே அவன் போட்டிருக்கும் கவசத்தைத் தோலுரித்த தசை போல வரி வரியாகச் செய்திருக்கிறீர்கள். அந்தக் கவசத்தோடுதான் அவன் வீடு திரும்பி, ஆற்றில் குதித்து இறந்த மனைவியைப் பார்க்கிறான். உடம்பைக் காக்கிற கவசமே காயம் மாதிரித் தெரிகிறது. அவனுக்கு நடக்கப்போவதை முதல் சில நிமிடத்திலேயே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

தந்திரக் காட்சிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்று சொன்ன நிபுணர்களை அனுப்பிவிட்டு, கப்போலா தன் மகன் ரோமனிடம் அந்த வேலையைக் கொடுத்தார். இரட்டைப் பதிவு, மினியேச்சர், பின்னோக்கி ஓடும் ஃபிலிம் என்று சினிமா பிறந்த காலத்து வித்தைகளையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் நாவல் வந்தது 1897இல். லூமியர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பரில். நாவலும் சினிமாவும் ஏறக்குறைய ஒரே வயது. இளமை திரும்பி இளவரசனாக லண்டனுக்கு வரும் டிராகுலா, தன் இறந்த மனைவியின் மறுபிறவியாக நினைக்கும் மீனாவை, அதாவது ஜோனதனுக்கு நிச்சயித்த பெண்ணை, கூட்டிக்கொண்டு போவதும் ஒரு சினிமாட்டோகிராப் கொட்டகைக்குத்தான். அவன் முதன்முதலில் லண்டன் தெருவில் நடக்கும் காட்சியைக் கையால் சுற்றும் பழைய பாத்தே கேமராவில் எடுத்திருக்கிறார்கள். சாம்பல் நிறக் கோட்டு, உயரத் தொப்பி, நீலக் கண்ணாடி. அந்தச் சிலிர்க்கும் வெளிச்சத்தில் அவன் அன்றைக்குத்தான் பிறந்தவன் போலத் தெரிகிறான்.

இப்போது எனக்கு நெருடலான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காதல் ஸ்டோக்கரின் நாவலில் கிடையாது. இறந்த மனைவி, மறுபிறவி, லண்டனில் மறுபடி சந்திப்பு எல்லாமே திரைக்கதையில் சேர்ந்தவை. நாவலில் டிராகுலா மீனாவின் கழுத்தைப் பிடித்து அழுத்தி, தன் மார்பின் ரத்தத்தைக் குடிக்க வைக்கிறான். அவள் தான் தீட்டுப்பட்டுவிட்டதாகக் கதறுகிறாள். அது அப்பட்டமான வன்முறை. படத்தில் அதே காட்சியில் அவளே கேட்கிறாள், அவன்தான் தயங்குகிறான். ஒரு பெண்ணின் மேல் நடந்த பலாத்காரத்தைக் காதலாக மாற்றியதை என்னால் லேசில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஸ்டோக்கரின் பெயரையே தலைப்பில் வைத்துக்கொண்டு செய்ததால் இன்னும் கொஞ்சம் கோபம்.

ஆனால் உங்கள் துணி வேறொன்றைச் சொல்கிறது. மீனாவுக்குப் பச்சை கொடுத்தீர்கள், கழுத்து வரை மூடிய பச்சை. இளவரசனோடு அப்சிந்த் என்கிற மது குடிக்கும் இரவில் அவள் சிவப்பில் வருகிறாள். அவனுடைய நிறம் அவள் மேல் ஏறிவிட்டது. மீனாவின் தோழி லூசி தூக்கத்தில் தோட்டத்துக்கு நடந்து போகும் இரவிலும் அவள் உடம்பில் தீ நிறத் துணிதான். வசனம் காதல் என்கிறது. நிறம் அவன் தொட்டவர்களை எண்ணிக்கொண்டே வருகிறது. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் படத்தை என்னால் விடவும் முடியவில்லை, முழுசாக மன்னிக்கவும் முடியவில்லை.

லூசியை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. நாவலில் அவளுக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. ஒரே நாளில் மூன்று பேர் வந்து திருமணம் கேட்கிறார்கள். படத்தில் அவளைக் கல்யாண உடையிலேயே கல்லறையில் வைக்கிறார்கள். அந்த வெள்ளை உடையை நீங்கள் செய்தபோது கழுத்துத் தோலை விரித்து எதிரியை மிரட்டும் பல்லி உங்கள் மனதில் இருந்திருக்கிறது. முகத்தைச் சுற்றி அடுக்கடுக்காக லேஸ் விரிந்து நிற்கிறது. தலையைத் தவிர அவளிடம் மனுஷியாக எதுவும் மிஞ்சவில்லை. டிராகுலா கடித்ததால் செத்தும் ரத்தக் காட்டேரியாக எழுந்தவளை, அவனை வேட்டையாடும் வான் ஹெல்சிங் சிலுவையைக் காட்டி விரட்ட, அவள் சவப்பெட்டிக்குள் திரும்பிப் போகிறாள். லூசியாக நடித்த சேடி ஃப்ராஸ்ட் பெட்டியிலிருந்து வெளியே வருவதை எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். அதனால் அந்த லேஸும் பாவாடையும் விழ வேண்டிய திசையில் விழாமல், யாரோ உள்ளே இழுப்பது போலப் போகின்றன. எவ்வளவு நல்ல நடிகைக்கும் உடம்பால் மட்டும் அதைச் செய்ய முடியாது, துணியும் சேர்ந்து நடித்தாக வேண்டும். டிராகுலாவுக்கு மீனா கிடைத்தாள், மீனாவுக்கு உயிர் மிஞ்சியது. லூசிக்கு அந்தக் கல்யாண உடை மட்டும்தான். யாருடைய காதல் கதையிலும் சேராத அவளுக்குப் படத்திலேயே மிகச் சிறந்த உடையைக் கொடுத்தீர்களே, அதற்காக உங்களுக்கு நன்றி.

ஆஸ்கர் 1993இல் வந்தது. அதற்குப் பிறகு 'தி செல்' தொடங்கி 'மிரர் மிரர்' வரை இயக்குநர் தர்செம் சிங்கோடு நான்கு படங்கள், 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழா என்று நீங்கள் நிற்கவேயில்லை. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது டிராகுலாவின் கடைசி உடையிடம்தான். சாகும்போது அவன் மேல் இருப்பது பொன்னங்கி. ஓவியர் கிளிம்ட் வரைந்த 'முத்தம்' ஓவியத்திலிருந்து அதை எடுத்தீர்கள். நாவலில் அவனைக் கொல்வது ஆண்களின் கத்திகள். இங்கே மீனாவே அவனை முத்தமிட்டு, வாளை நெஞ்சுக்குள் இறக்கி, தலையையும் வெட்டுகிறாள். ஓவியத்தில் பொன் இரண்டு பேரையும் சேர்த்து மூடியிருக்கும். இங்கே அதை அவனுக்கு மட்டும் கொடுத்து, அவளை அதற்கு வெளியே நிறுத்திவிட்டீர்கள். அவள் எழுந்து தன் கணவனிடம் திரும்பிப் போக வேண்டியவள் என்பதைத் திரைக்கதையைவிட நீங்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தீர்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகை