லைன் கிளியர் இன்னும் வரவில்லை

பாளையங்கோட்டை
26.10.2025

அன்புள்ள ஆறாம் நம்பருக்கு,

ஏழாம் நம்பர் எழுதுவது. உன் கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். 'இங்கு நலம், அங்கு நலமா' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. நலம் என்று எழுத எனக்கே சிரிப்பு வந்து, தாளை மடித்து அரிசி டப்பாவின் மேலே வைத்துவிட்டேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை. இவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.

பேரன் கேட்கிறான், கையில் போன் இருக்கும்போது எதற்குப் பாட்டி கடிதம் என்று. அவனுக்கு எப்படிச் சொல்வது? மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆறு, ஏழு என்று பக்கத்துப் பக்கத்துப் பொசிஷனில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்த நம் இரண்டு பேருக்கும் இப்போது போனில் பேச வழியில்லை. நீ பேசினால் உன் மாமியார் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். நான் பேசினால் இவர், "யாரு, கண்ட்ரோலா? கொடு இங்கே" என்று போனைப் பிடுங்குகிறார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்குப் போன் என்றால் அது கண்ட்ரோல் ரூம்தான். ஒரு தடவை காஸ் புக்கிங் பெண்ணிடம் கூட்ஸ் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று பத்து நிமிஷம் விசாரித்தார். அந்தப் பெண்ணும் பொறுமையாக, "தெரியலை சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நல்லா இருக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'போய்ச் சேரக் கூடாதா என்று அத்தையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்' என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் மை கலங்கியிருந்தது. பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு எழுதினாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆறுதல் சொல்லப் போவதில்லை. என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். ஆவணியில் ஒரு நாள் காலை. மூன்றாவது தடவையாக வேட்டி மாற்றிவிட்டு நிமிர்கிறேன், துவைத்து மடித்து வைத்திருந்த துணிக்கு மேலேயே மறுபடி ஒன்றுக்கு இருந்துவிட்டார். புறங்கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். விளையாட்டாக இல்லை, நிஜக் கோபத்தோடுதான். அடிபட்ட கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மன்னிச்சிருங்க, தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார். கல்யாணமாகி 46 வருஷத்தில் அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. யாரோ பெரிய மனுஷி வீட்டுக்கு வந்து தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். அரை டேங்கு தண்ணீர் போனதுதான் மிச்சம்.

இதை மகனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஹோமில் சேர்க்கிற பேச்சைத் திரும்ப எடுப்பான். மருமகள் நல்ல பெண்தான், வாட்ஸ்அப்பில் கட்டுரையாக அனுப்புகிறாள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் இந்த மறதி நோய் இருக்கிறதாம், மொத்தம் 88 லட்சம் பேர் என்று 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறதாம். படித்தேன். இந்த 88 லட்சம் வீட்டிலும் காலையில் வேட்டியோ சேலையோ யாரோ அலசிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். எதிர்வீட்டு அக்கா வேறு, பார்க்கும்போதெல்லாம், "உனக்கு இருக்கிற பொறுமை யாருக்கு வரும்" என்பாள். இனி நான் கத்தவும் கூடாது பார், பொறுமைசாலிப் பட்டம் கொடுத்தாகிவிட்டதே!

இந்த வருஷம் நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயத்தை உனக்குச் சொல்ல வேண்டும். அதுவும் தானாகத் தெரியவில்லை, அவரை நன்றாக அழவைத்த பிறகுதான் தெரிந்தது.

சித்திரையிலிருந்து சாயங்காலமானால் அம்மாவைப் பார்க்கணும் என்று ஆரம்பித்தார். மாமியார் தவறி 31 வருஷமாகிறது. நான் என்ன செய்தேன், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரித் திருத்தினேன். "அத்தை செத்துப் போய் எத்தனை வருஷமாச்சு, நீங்கதானே கொள்ளி வச்சீங்க" என்றேன். மனுஷன் அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அரை மணி கழித்து மறந்து, மறுபடி அம்மா எங்கே என்றார். மறுபடி சொன்னேன். ஒரே சாயங்காலத்தில் ஒரே சாவை நாலு தடவை சொல்லி நாலு தடவையும் அழவைத்த பாவி நான். உண்மையைத்தானே சொல்கிறேன் என்று ஒரு வீம்பு.

அன்றைக்கு ராத்திரி உன் ஞாபகம்தான் வந்தது. 1981 என்று நினைக்கிறேன், நம் சாயங்கால டியூட்டி. பம்பாய்க்கு ஒரு அர்ஜென்ட் கால். இந்தப் பக்கம் ஒரு அம்மா, அந்தப் பக்கம் அவள் மகன். அப்பா போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னாள், அப்புறம் இரண்டு பக்கமும் அழுகைதான். மூன்று நிமிஷம் முடிந்தது. நீ குறுக்கே போகவில்லை. ஆறு, ஏழு என்று நிமிஷம் ஓடியது. காசுக் கணக்குக்கு எழுதுகிற டிக்கெட்டில் மூன்று என்று மட்டும் எழுதினாய். சூபர்வைசர் கேட்டதற்கு, "லைன்ல இரைச்சல் சார், பேச்சே கேக்கலை" என்று கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய். அந்தப் பொய்யை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அத்தையிடம் நீ சொன்ன ஒரு வார்த்தையை எடைபோடும்போது இதையும் அந்தத் தட்டில் வை.

அதற்கு அப்புறம் நான் திருத்துவதை விட்டேன். அம்மா எங்கே என்றால், "உங்க அம்மா வைக்கிற சொதி எப்படி இருக்கும்?" என்று கேட்பேன். தேங்காய்ப் பாலில் ஆரம்பித்து முருங்கைக்காய் வரைக்கும் சொல்லிக்கொண்டே போவார். போகப் போக அம்மாவைத் தேடினது மறந்துவிடும்.

ஆனால் டியூட்டிக்குப் போகணும் என்று கிளம்பும்போது சொதி வேலைக்கு ஆகவில்லை. ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கதவை ஆட்டுவார். இந்த நோயில் பொழுது சாயும் நேரத்தில் இப்படித் தவிப்பு கூடும் என்று டாக்டர் சொன்னார். அஞ்சு மணிக்கே வீட்டில் எல்லா விளக்கையும் போட்டு நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், மத்தியானத் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார். கொஞ்சம் கேட்டது. ஒரு நாள் கதவை ஆட்டிக்கொண்டே இருந்தபோது, திருச்செந்தூர் வண்டி ஊதிக்கொண்டு போன சத்தம் கேட்டது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, "லைன் கிளியர் இன்னும் வரலையே, எப்படி வண்டியை விடுவீங்க?" என்றேன்.

அப்படியே நின்றார். "வரலையா?" என்றார். "வரலை." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

உனக்குத் தெரியாததில்லை, இவர் கல்லிடைக்குறிச்சியில் இருந்தபோது நீ அப்பளம் வாங்க வந்தாயே, அப்போது பார்த்திருப்பாய். ஒற்றை லைன், மீட்டர் கேஜ். அந்த டோக்கன் மெஷினில் அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதம் கொடுக்காமல் உருண்டை வெளியே வராது. உருண்டை இல்லாமல் வண்டி நகராது. அந்தச் சம்மதம்தான் லைன் கிளியர். வருஷக்கணக்கில் பகலும் ராத்திரியும் அதைச் செய்த உடம்பு. பெண்டாட்டி பெயர் மறந்த தலைக்குள் லைன் கிளியர் மட்டும் அழியாமல் கிடக்கிறது. எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிளாஸ்டிக் வளையம் ஒன்று நம் திண்ணையில் கிடந்தது. எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பால்காரர் சைக்கிளை நிறுத்தாமல் வருகிற நேரத்தில் கையை நீட்டி அந்த வளையத்தைக் கொடுக்கப் பார்க்கிறார், ஓடுகிற எஞ்சினில் டிரைவர் கையில் அந்த உருண்டை வைத்த பிரம்பு வளையத்தைக் கொடுப்பாரே, அச்சு அசல் அதே மாதிரி. இரண்டு நாள் பால்காரர் பயந்தார். மூன்றாம் நாள் நான் விவரம் சொன்னேன். இப்போது அவரும் கையில் வாங்கிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து என்னிடம் தந்துவிட்டுப் போகிறார். பொய்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி உன் விஷயம். அத்தைக்கு முதுகின் கீழே சிவந்திருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். ஏட்டி, அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி! இவருக்கு நிமோனியா வந்து மூன்று வாரம் படுக்கையில் இருந்தபோது எனக்கும் இப்படித்தான். சிவப்பைப் பார்த்துவிட்டு நல்லெண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். பத்தே நாளில் புண். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்று அப்புறம்தான் நர்ஸ் சொன்னது. உள்ளே சதை ஏற்கெனவே நசுங்கியிருக்குமாம், தேய்த்தால் இன்னும் சேதமாகுமாம். விரலால் அழுத்தி எடுத்துப் பார். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் தப்பித்தாய். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், டாக்டருக்கு உடனே சொல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை, இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். நான் காலண்டர் தாளின் பின்புறத்தில் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டேன், டிரங்க் டிக்கெட் எழுதுகிற மாதிரி. ஆபரேஷன் செய்த இடுப்பு என்பதால் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்கலாம் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வை. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று வை. காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டுவதை விட்டுவிடாதே. அத்தை முட்டை தொடமாட்டார், தெரியும். பருப்பையாவது கூட்டிப் போடு.

சோறு ஊட்டும்போது புரையேறுகிறது என்றாயே, படுக்க வைத்து ஊட்டாதே. நன்றாக உட்கார வைத்துத் தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லி, சின்னக் கரண்டியால் கொடு. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடாதே. இவருக்கு நிமோனியா வந்ததே இந்த வழியில்தான்.

ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லி உன் நாத்தனார் சொல்வது லேசு. இங்கே ஒரு ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வந்தது. ஒன்பது நாள் இருந்தது, ஒன்பது நாளும் போனில்தான் இருந்தது. அதற்குப் பதில், உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேள். 2021-இல் ஆரம்பித்ததுதான். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நர்சும் பிசியோதெரபி செய்கிறவர்களும் வருகிறார்கள். எனக்கு எண்ணெய் விஷயத்தில் மண்டையில் குட்டு வைத்தது அப்படி வந்த நர்ஸ்தான்.

அப்புறம் பென்ஷன். அத்தைக்கு வருவது தபால் இலாகா குடும்ப ஓய்வூதியம்தானே? 80 வயது தாண்டியவர்கள் நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 முதலே லைஃப் சர்டிபிகேட் கொடுக்கலாம். தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கு வந்து செய்து கொடுப்பார், 70 ரூபாய். நான் இவருக்கு போனில் முகத்தைக் காட்டிச் செய்யலாம் என்று முயன்றேன். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. இவர் சிமிட்ட மாட்டேன் என்று உறுமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்று, 90 தாண்டினால் மூல ஓய்வூதியத்தோடு 40 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். அத்தைக்கு 93 என்கிறாய். பாங்கில் பிறந்த தேதி சரியாகப் பதிவாகியிருக்கிறதா, அந்தக் கூடுதல் தொகை ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பார். காற்று மெத்தைக் காசு அதிலேயே வந்துவிடும்.

கார்த்திகையில் நாத்தனார் ஒரு வாரம் வந்து இருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்த வாரம் நீ இங்கே வா. மெட்ராஸிலிருந்து வருகிற திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது, திருநெல்வேலியில் இறங்கிக்கொள். பழைய டிகிரி காபியெல்லாம் எதிர்பார்க்காதே, இவருக்குப் போட்டதில் மிச்சம்தான் நமக்கு. இவர் உன்னை யாரென்று கேட்பார். கண்ட்ரோலிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல். மரியாதையாக நாற்காலி போடுவார்.

கட்டில் கிரீச் என்கிறது, எழுந்துவிட்டார். விளக்குப் போட வேண்டும்.

உன்,
ஏழாம் நம்பர்

பி.கு.: மெடிக்கல் கடைக்காரர் சொன்னாரென்று நடுவில் ஓட்டை உள்ள வட்ட மெத்தை வாங்கினாயே, அதை அத்தைக்கு அடியில் வைக்காதே. சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்குமாம். முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. வாங்க மாட்டேன் என்றால் வரும்போது இங்கே எடுத்து வா, இவருக்கு இன்னொரு டோக்கன் வளையம் ஆயிற்று.