பார்சலைப் பிரிக்கும் முன் இதை வாசி

அன்பான தம்பிக்கு,

கடிதத்தை மேலே வைத்திருக்கிறேன். முதலில் இதை வாசி, பிறகு மற்றதை வெளியே எடு. உன் கில்ட், அந்த ஸ்கொட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கட்டத்துணி, அதன் மடிப்பெல்லாம் சேர்த்து வெள்ளை நூல் ஓட்டியிருக்கிறேன். அதை எடுக்காமல் உடுத்திவிடாதே.

உன் செய்தி செவ்வாய் இரவு வந்தது. கில்ட் வீட்டில் இருக்கிறதா, சனிக்கிழமைக்கு வேண்டும், ஸ்மார்ட் கேஷுவல் என்று சொல்லியிருக்கிறார்கள், உடுத்தலாமா. நாலு மாதத்துக்குப் பிறகு இரண்டு வரி. சரி, வந்ததே. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தா. யாருடைய வீடு, என்ன விசேஷம் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

உடுத்தலாம் தம்பி. வடிவாக உடுத்தலாம். இருபத்தொரு வருடம் கிளாஸ்கோவில் சலவைக் கடையில் நின்ற அப்பா சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் சனிக்கிழமைக் கல்யாணங்களுக்கு நான் மினுக்கிக் கொடுத்த கில்ட்டுகளுக்குக் கணக்கில்லை. ஸ்மார்ட் கேஷுவல் என்றால் மாப்பிள்ளைக் கோலத்தில் வராதே, தோட்ட வேலைக்கு நிற்கிற கோலத்திலும் வராதே என்பதுதான். ஆட்கள் பிழை விடுகிற இடம் கில்ட் இல்லை, அதோடு சேர்த்துப் போடுகிற மற்றச் சாமான்கள். பிரின்ஸ் சார்லி என்கிற அந்தக் கட்டைக் கறுப்புக் கோட், வில்லுக் கழுத்துப்பட்டி, ஸ்போரன் என்று முன்னால் தொங்குகிற வெள்ளிப் பூண் வைத்த மயிர்ப்பை, வெள்ளை மேசு, கணைக்காலில் சுற்றிக் கட்டுகிற நாடாச் சப்பாத்து. இவ்வளவும் இரவு விருந்துக்கு உரியவை. அதை மாட்டிக்கொண்டு போனால் வாடகைக் கடையிலிருந்து நேரே வந்தவன் போல நிற்பாய்.

உனக்கு வைத்திருப்பது இவை. சாம்பல் நிற ட்வீட் வேஸ்ட்கோட். மண்ணிறத் தோல் ஸ்போரன், பகலுக்கு அதுதான். கரும்பச்சை மேசு இரண்டு சோடி. சேட்டு உன்னிடம் இருக்கும், வெள்ளையோ இளநீலமோ, கழுத்துப் பொத்தானைத் திறந்து விடு. சப்பாத்து நீ வேலைக்குப் போடுகிற மண்ணிறச் சப்பாத்தே போதும், பாலிஷ் போடு. வேஸ்ட்கோட் போட்டால் பெல்ட் கட்டாதே. பெல்ட் கட்டினால் வேஸ்ட்கோட் வேண்டாம். இரண்டும் ஒன்றாகப் போடுவதில்லை. கழுத்துப்பட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன். அங்கே பெரியவர்கள் கழுத்துப்பட்டி கட்டியிருந்தால் குளியலறைக்குள் போய்க் கட்டிக்கொண்டு வா. பெரியவர்கள் இருப்பார்களோ தெரியாது. இருந்தால் என்று சொன்னேன்.

இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டாதே. தொப்புள் மட்டத்துக்கு வரட்டும், கீழ்க்கரை முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். முழங்காலில் நின்று பார், கரை நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. உள் விளிம்பின் வார் இடப்பக்க ஓட்டைக்குள்ளால் வந்து இடது இடுப்பில் பூட்டும். வெளி விளிம்பு வலது இடுப்புக்கு வரும், பிசிர் விட்ட கரை வலப்பக்கம். கில்ட்டின் முன்பக்கம் குத்துகிற அலங்கார ஊசியை மேல் துணியில் மட்டும் குத்து. இரண்டு துணியையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுத்துக் கிழியும், அப்படிக் கிழிந்து வந்த எத்தனையை நான் தைத்துக் கொடுத்தேன். மேல் துணியில் மட்டும், மறந்துவிடாதே. இருக்கும்போது பின் மடிப்பைக் கையால் தடவி ஒதுக்கிவிட்டு இரு, இல்லாவிட்டால் எழும்பும்போது பின்பக்கம் கசங்கிக் கிடக்கும். உள்ளுக்கு உள்ளாடை போடு. அதைப் பற்றி யாராவது பகிடி விடுவார்கள், எல்லாரிடமும் விடுவார்கள், முகம் சுளிக்காதே.

சின்னக் கத்தியை நான் வைக்கவில்லை. மேசுக்குள் செருகுகிற கத்தி தேசிய உடையின் பங்கு என்று சட்டமே விட்டிருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் உன் நிறத்துப் பெடியன் ஒருவன் காலில் கத்தியோடு பிறிஸ்டல் ஸ்டேஷனில் இரவு பத்து மணிக்கு நின்றால், அந்தச் சட்டத்தை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அது மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஸ்மார்ட் கேஷுவலுக்கு எப்படியும் தேவையில்லை. கோபிக்காதே.

உன் குலம் எது என்றும் கேட்பார்கள். குலத்துக்கு ஒரு கட்டம் என்பதால், கட்டத்துணியைக் கண்டால் இங்கே கேட்கிற முதல் கேள்வி அது. உன்னுடைய கட்டம் பிளாக் வாட்ச், அது ஒரு குலத்துக்கும் சொந்தமில்லை, படைப்பிரிவின் துணி, யாரும் உடுத்தலாம் என்று சொல். நீ அதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் கேட்பது கதை தொடங்குவதற்கு. நாங்கள் கேட்கிற விதம் வேறு. ஈஸ்டருக்கு நீ வந்தபோது "என்ன ஆட்கள்" என்று நான் கேட்டேனே, அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. சாதகக் கதையை இனி இந்த வீட்டில் எடுப்பதில்லை என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். பெரியமாமா அழைத்தாலும் அதே பதில்தான். அவ்வளவுதான், இதற்கு மேல் இதைப் பற்றி எழுதவில்லை.

நேற்று அலுமாரியிலிருந்து எடுத்தேன். நீ சுருட்டி அம்மாவின் பழைய நைலோன் மேசுக்குள் விட்டு வைத்தது அப்படியே இருந்தது. அந்துப்பூச்சி அரிக்கவில்லை. சமையல் மேசையில் போர்வையை விரித்து, அதன் மேல் குப்புறப் போட்டு, ஒவ்வொரு மடிப்பாக விரலால் நேராக்கினேன். இருபத்தேழு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பையும் மற்றதோடு பிடித்து மூன்று வரிசையாக நூல் ஓட்டி, ஈரத்துணி போட்டு, இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து மினுக்கினேன். இழுத்தால் மடிப்பு ஓடிவிடும். எட்டு யார் துணி தம்பி. பதினாறு முழம், அப்பாவின் எட்டு முழ வேட்டி இரண்டை ஒன்றாக மூட்டின நீளம். எவ்வளவு பாரம். கடையில் பிறத்தியாரின் கில்ட்டுகளை நூற்றுக்கணக்கில் மினுக்கியிருக்கிறேன். உன்னுடையதைக் கையில் எடுத்தது இதுதான் முதல் தரம். ஏழு வருடம் எங்கள் அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது.

பட்டமளிப்பு அன்று நடந்ததை நீ இப்போதும் நினைக்கிறாயோ தெரியாது. நான் நினைக்காத கிழமை இல்லை. இரண்டு கோடை விடுமுறை வேலை செய்து சேர்த்த காசில் தைப்பித்து, எங்களுக்குச் சொல்லாமல், அன்று காலை உடுத்திக்கொண்டு படியிறங்கி வந்தாய். உன் கூட்டாளிப் பெடியன்கள் பாதிப்பேர் அப்படித்தான் வந்திருந்தார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து நான் சொன்னேன், ஊருக்குப் படம் அனுப்ப வேண்டும், அப்பம்மா பார்த்தால் என்ன சொல்லுவா, பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறாய் என்று. அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். நீ கத்தவில்லை. ஸ்கொட்லாந்தில் நடந்த கலொடன் சண்டைக்குப் பிறகு 1746 இல் இந்த உடுப்பைத் தடை செய்து சட்டம் போட்டார்கள், முதல் தரம் பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுதரம் ஏழு வருடம் நாடு கடத்தல், 1782 இல்தான் எடுத்தார்கள் என்று பள்ளிக்கூடப் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாய். பிறகு, "அவர்கள் அரசாங்கம். நீங்கள் அப்பா" என்றாய். காருக்குள் கிடந்த காற்சட்டையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தாய். சுவரில் தொங்குகிற படம் அந்தக் காற்சட்டைப் படம்தான். அம்மா அதைத் துடைக்கும்போது நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கு மண்டபத்துக்குப் போகும்போது நான் வேட்டியைக் கடைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய் அங்கே மாற்றுவேன். எட்டு வயதில் நீ கேட்டாய், ஏனப்பா வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று. குளிர் என்றேன். குளிர் இல்லை. நீ பிறக்க முதல் ஒரு தைப்பொங்கல் அன்று வேட்டியோடு பஸ் ஏறினேன். பின்சீட்டில் இருந்த நாலு பெடியன்கள் சீட்டி அடித்தார்கள், ஒருவன் வந்து கரையைப் பிடித்து இழுத்தான். பஸ் முழுக்க ஆட்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி, வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மழைக்குள் நடந்தேன். அம்மாவுக்கும் இது தெரியாது.

உன்னைக் கண்டதும் எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது. பயந்தது நான், தண்டனை உனக்கு. அப்பம்மாவைச் சாட்டினேன். அப்பம்மா கோபித்திருக்கமாட்டா, உன் முழங்காலைப் பார்த்து அப்பப்பாவின் கால் என்றுதான் சொல்லியிருப்பா. அவ போய்ச் சேர்ந்துவிட்டா, இனி அவவுக்குக் காட்டவும் ஏலாது. மன்னித்துக்கொள் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள் தம்பி.

நிமிர்ந்து நட. நீ நடந்தால் பின்மடிப்பு வடிவாக ஆடும், உனக்கு அந்த உயரம் இருக்கிறது. யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால் பார்க்கட்டும். இல்லை, மனதுக்குச் சரியில்லை என்றால் உடனே டாக்சி எடு, காசைப் பாராதே. ஊசி மேல் துணியில் மட்டும்.

படம் எடு. முழங்கால் தெரிகிற மாதிரி, முழு உருவமாக. தனியாக நிற்கிற படமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அம்மா பயற்றம் பணியாரம் இரண்டு பெட்டி வைத்திருக்கிறா. ஒன்று உனக்கு. மற்றதற்குச் சிவப்பு நாடா கட்டியிருக்கிறா, வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று.

நூலைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதே, தையலும் சேர்ந்து போய்விடும். மூன்று வரிசைக்கும் இடப்பக்க நுனியில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். முடிச்சைப் பிடித்து ஆறுதலாக இழு, முழுவதும் ஒரே நூலாக வந்துவிடும்.

இப்படிக்கு,
அப்பா