குமரிமுனைக்கு வரும் அடுத்த படகு மின்கலத்தில் ஓடட்டும்

கன்னியாகுமரிக் கடலில் பயணிகள் படகுப் போக்குவரத்தைப் பொறுப்பேற்று நடத்தும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது மணக்குடியில் வசித்து வருகிறேன். சென்ற மாதம் வெளியூரிலிருந்து வந்த உறவினர்களுடன் விவேகானந்தர் பாறைக்குப் படகில் சென்றேன். பாறையை நெருங்கியபோது அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட, படகை ஓட்டும் ஸ்ராங்கு எஞ்சினை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி மாற்றி இயக்கி, கயிறு கட்டி முடியும்வரை படகை ஓரிடத்திலேயே பிடித்து நிறுத்தினார். அவருடைய கைத்திறனை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் விசையைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் கரும்புகை எழுந்தது. பின்வரிசையில் இருந்த என் அக்கா, இறங்கும்வரை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடியே இருந்தார். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, டீசல் எஞ்சினின் இயல்பே அது. குறைந்த சுமையில் ஓடும்போதும், திடீரென்று விசை கேட்கும்போதும் எண்ணெய் முழுமையாக எரிவதில்லை.

மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழுத் திருகுவிசையை (சுழற்றும் விசையை) தரும், நொடியில் திசை மாறும், படகு காத்திருக்கும்போது படகைத் தள்ளும் சுழலியை ஓட்டத் துளி ஆற்றலும் செலவழிக்காது. ஓடும் நேரத்தைவிடக் கரை அணையும் நேரமும் காத்திருக்கும் நேரமும் மிகுந்த நம் துறைக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் எனக்குத் தெரியவில்லை. பெருங்கடல் தாண்டும் கப்பல்களை மின்கலத்தால் ஓட்டுவது இன்று இயலாது, நாள்கணக்கில் தேவைப்படும் ஆற்றலைச் சுமக்கும் மின்கலம் சரக்குக்கு இடம் விடாது. தூத்தூர் பகுதி மீனவர்களின் ஆழ்கடல் விசைப்படகுகளுக்கும் அதே தடைதான். கரையிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் போய்வரும் படகுக்கு அந்தத் தடை இல்லை.

பக்கத்துக் கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 75 பேர் பயணிக்கும் சூரிய மின்படகு 2017 முதல் ஓடுகிறது; மின்கலப் படகுகளை இயக்கும் கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. அவை காயலில் ஓடுபவை, நம்முடையது திறந்த கடல் என்ற மறுப்பு நியாயமானது. அதனால் அங்குள்ள படகை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம். நம் அலைக்கேற்ற உடலமைப்பும், உப்புக்காற்று புகாத மின்பெட்டிகளும், தீத்தடுப்பும் காற்றோட்டமும் உள்ள தனி மின்கல அறையும் கொண்ட படகைக் கேட்டு வடிவமைக்கச் சொல்லுங்கள்.

மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் நம் கண்முன்னே சுழல்கின்றன. படகுகள் இரவில் ஓய்ந்திருக்கும் வேளையில் மெதுவாக மின்னேற்றலாம். ஆனால் காற்று வலுப்பது மே முதல் செப்டம்பர் வரைதான். ஐயப்ப பக்தர்கள் திரண்டு வரும் கார்த்திகை, மார்கழியில் அது தளர்ந்துவிடும். அந்த மாதங்களில் ஒரு பகுதி நிலக்கரி மின்சாரமாகவே இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போதும் பயணிகள் மூச்சுவிடும் இடத்தில் புகை இருக்காது. பகலில் இடையிடையே விரைந்து மின்னேற்ற வேண்டியிருந்தால், நார்வேயில் 2015-இல் ஓடத் தொடங்கிய ஆம்பியர் என்ற மின்கலப் படகுக்குச் செய்ததுபோல், துறையிலேயே மின்கலத் தொகுதி ஒன்றை வைத்து ஊரின் மின்கம்பிகளுக்குச் சுமை ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: புதிய படகு வாங்கும் கோப்பு எழுவதற்கு முன்பே, ஓராண்டுக்கு ஒவ்வொரு படகும் குடித்த டீசல், அடித்த நடைகள், துறையில் எஞ்சின் ஓடியபடி காத்திருந்த நிமிடங்கள் ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்து தொகுத்து வெளியிடுங்கள். எவ்வளவு பெரிய மின்கலம் வேண்டும் என்பதை அந்தக் கணக்கிலிருந்துதான் சொல்ல முடியும். அதைப் போட்டுத்தர என்னைப் போன்று கப்பலில் உழைத்துத் திரும்பியவர்கள் இம்மாவட்டத்தில் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
மணக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்