கியூபெக் கார் வந்து இடித்தால்

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகன் ஒட்டாவாவில் கார் ஓடப்போகிறான் என்று எழுதியிருந்தீர்கள். வேறு மாகாணத்துக் கார் வந்து இடித்தால் இன்சூரன்ஸை யாரிடம் கேட்பது என்று நீங்கள் கேட்டது அந்த ஊருக்கு மிகவும் பொருத்தமான கேள்வி. ஆற்றுக்கு இக்கரை ஒன்ராறியோ மாகாணம், அக்கரை கியூபெக் மாகாணம். காலையில் பாலங்களால் இறங்குகிற கார்களில் கியூபெக் கார்கள் தாராளம். இதை அவனிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கோ.

கியூபெக் கார்களுக்குப் பின்பக்கம் மட்டும்தான் நம்பர் பிளேட். நசுங்கிய முன்பக்கத்தைப் படமெடுத்துவிட்டு வந்தால் நம்பர் இருக்காது. சுற்றிப்போய்ப் பின்பக்கத்தை எடுக்கவேணும். இன்சூரன்ஸ் காகிதம் பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். கையால் எழுதினால் பிழைக்கும், அதையும் லைசன்ஸையும் படமெடுப்பதே நல்லது. கார்களை ஓரங்கட்ட முன்னர், எது எந்த லேனில் நின்றது என்று தெரிகிற மாதிரி தூரத்திலிருந்தும் ஒரு படம் வேணும்.

சேதம் எவ்வளவைத் தாண்டினால் பொலிஸுக்கு அறிவிக்கவேணும் என்ற எல்லை ஒன்ராறியோவில் 2025 ஜனவரி முதல் 5,000 டொலர். இரண்டு காரின் சேதத்தையும் கூட்டித்தான் அந்தக் கணக்கு. இப்போதைய பம்பரில் கமெராவும் சென்சரும் இருப்பதால் சின்ன இடியும் அந்தத் தொகையைத் தொட்டுவிடலாம். யாருக்காவது காயம் என்றால் தொகையே பார்க்கத் தேவையில்லை, உடனே 911.

இனிமேல்தான் நம்மவர்கள் குழம்புகிற இடம். பிழை மற்றச் சாரதியுடையது என்றால் அந்தச் சாரதியின் இன்சூரன்ஸ் கொம்பனிதான் தரவேணும் என்று நினைப்பார்கள். ஒன்ராறியோவில் அப்படியில்லை. விபத்து ஒன்ராறியோ மண்ணில் நடந்தால் எங்கட கொம்பனியே எங்கட காருக்குப் பணம் தரும். இதற்கு நேரடி இழப்பீடு என்று பெயர். ஆனால் அதற்குக் கியூபெக் காரனுடைய கொம்பனியும் ஒன்ராறியோ விதிகளுக்குக் கட்டுப்படுவதாக உறுதி எழுதிக் கொடுத்திருக்கவேணும். வெளிமாகாணக் கொம்பனிகள் பலவும் கொடுத்திருக்கின்றன, ஆனால் எல்லாம் அல்ல. கொடுக்காத கொம்பனி என்றால் மோதல் காப்புறுதியில்தான் (collision, யார் பிழை என்றாலும் எங்கட காரின் சேதத்துக்குத் தரும் தனிக் காப்புறுதி) கேட்கவேணும், அதற்குக் கையிலிருந்து ஒரு தொகை கழியும். ஆகவே, பழைய கார்தானே என்று மோதல் காப்புறுதியை வெட்டவேண்டாம் என்று சொல்லுங்கோ. 2024 முதல் நேரடி இழப்பீட்டையே வேண்டாம் என்று விடவும் வழி வைத்திருக்கிறார்கள். மாதக் கட்டணம் கொஞ்சம் குறையும், ஆனால் பிறகு யார் இடித்தாலும் காருக்கு ஒரு சதமும் வராது. என்னைக் கேட்டால் அது வேண்டாத வேலை.

பாலத்தின் அந்தப் பக்கம் இடிபட்டால் ஒன்ராறியோவின் நேரடி இழப்பீடு அங்கே செல்லாது. அங்கேயும் கைகொடுப்பது மோதல் காப்புறுதிதான், அது கனடா முழுக்கச் செல்லும். காயத்துக்கு நட்டஈடு கேட்டு கியூபெக்கில் மற்றச் சாரதிமேல் வழக்குப் போடவும் முடியாது. விபத்து எந்தக் கரையில் என்று அறிக்கையில் தெளிவாக இருக்கவேணும்.

பிழை யாருடையது என்பதைக் கொம்பனி சட்டத்தில் எழுதிய விதிகளின்படிதான் பார்க்கும். பனி வழுக்கியது, மழையில் தெரியவில்லை என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. சிவப்பு விளக்கில் இரண்டு கார் நிற்க, மூன்றாவது வந்து இடித்து, நடுவில் நிற்பது முன்காரில் முட்டினாலும் முழுப் பிழையும் மூன்றாவதுக்கே. ஆனால் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தால், முன்காரோடு பட்டதற்கு நடுக்காருக்கு 50 வீதம் விழும். அறிக்கையில் “நான் நின்றுகொண்டிருந்தேன்” என்ற ஒரு வரியை விட்டுவிட்டால் அந்தப் பாதி மருமகன் தலையில்.

கொம்பனிக்கு 7 நாளுக்குள் சொல்லவேணும். கழுத்து நோவு அடுத்த நாள்தான் தெரியவரும், அதனால் “ஒன்றுமில்லை, நல்லாயிருக்கிறேன்” என்று முதல் நாளே வாய்விடக் கூடாது. காயச் சலுகைக்கான (மருத்துவச் செலவு போன்றவற்றுக்கான) படிவம் கைக்கு வந்து 30 நாளுக்குள் நிரப்பி அனுப்பவேணும். அதையும் தன் கொம்பனியிடமே கேட்பது.

இடித்த இடத்தில் கூப்பிடாமலே இழுவை வண்டிக்காரர் வந்து நிற்பார். சம்மதப் படிவத்தில் எந்த இடத்துக்குக் கொண்டுபோவது என்று எழுதாமல் கையெழுத்து வைக்கக் கூடாது. கார் எங்காவது யார்டில் கிடந்தால் வாடகை நாள்கணக்கில் ஏறும்.

அத்தானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.

அன்புடன்,
தம்பி